அடைப்புக்குறிக்குள் ஒன்று

அறுபத்தொன்று முடிந்துவிட்டது, இன்னும் இருபத்து மூன்று இருக்கிறது என்று செண்பகவல்லி மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் எண்ணியபோதும் அதே இருபத்து மூன்றுதான் இருந்தது. மணி இரண்டு. டப்பாவில் கொண்டுவந்த தயிர்சாதம் வயிற்றில் கனத்துக்கொண்டு கண்ணை இழுத்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் பக்கத்துப் பட்டறையில் இரும்புக் கதவுகளுக்கு அடிக்கிற பெயிண்டின் தின்னர் வாசனை எந்த இடுக்கு வழியாகவோ உள்ளே வந்து நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. பதினெட்டு வருஷமாக இதே வாசனை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நாடித்துடிப்பையும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவையும் காட்டுகிற மானிட்டர்களை அந்தக் கம்பெனி செய்தது. விரலில் மாட்டுகிற கிளிப் சொல்வதை வாங்கித் திரைக்குக் கொடுக்கிற கம்ப்யூட்டர் கோடு ஒன்று மானிட்டருக்குள் இருக்கிறது, டிரைவர் என்பார்கள். அதை சி மொழியில் எழுதிய பழைய ஆட்களில் இன்னும் மிச்சம் இருப்பவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் இந்த வேலை அவள் தலையில் விழுந்தது. எழுதிய கோடை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர் புதிதாக வந்திருக்கிறது. பழைய கோடில் ஒரு பழக்கம் உண்டு: எத்தனை அளவுகள் வரப்போகின்றன என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில், அளவுகளை வரிசையாக வைக்கிற அரேயின் அடைப்புக்குறிக்குள் சும்மா ஒன்று என்று போட்டுவைப்பார்கள். பந்திக்கு எத்தனை பேர் என்று தெரியாமல் முதலில் ஒரே ஓர் இலையை விரித்துவைக்கிற மாதிரி. ஆள் வர வர நீட்டிக்கொள்ளலாம். இத்தனை வருஷமாகக் கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது. புதியது விடாது. ஒன்று என்று எழுதியிருந்தால் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டு, இரண்டாவதைத் தொட்டதும் மெஷினையே நிறுத்திவிடும். ஆகவே எண்பத்து நாலு இடங்களில் அந்த ஒன்றை எடுத்துவிட்டு அடைப்புக்குறியைக் காலியாக விடவேண்டும். எடுப்பதற்கு ஒரு விசைதான். எடுத்ததும் ஓர் இலையின் அளவு குறைந்துவிடுகிறதே, அதுதான் தொல்லை. ஓர் இலை ஏற்கெனவே விரித்தாயிற்று என்று நினைவு வைத்து, எங்கெல்லாம் ஒன்றைக் கழித்து இடம் கேட்டிருக்கிறார்களோ அங்கெல்லாம் தேடிப்போய் அந்தக் கழித்தலையும் எடுக்கவேண்டும். "இத ஒரு டூல் அஞ்சு நிமிஷத்துல பண்ணிடும்ல?" என்று மேலாளர் குருநாதன் திங்கட்கிழமை கேட்டார். "எழுத்த மாத்திடும் சார், கணக்க மாத்தாது" என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டலில், இவளுக்கு வேறு வேலை கொடுக்க இல்லை, இதையாவது செய்யட்டும் என்று இருந்ததா, இல்லை அவளாக நினைத்துக்கொண்டதா?

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினாள். கசக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இடது கண்ணில் பிரஷர் இருக்கிறது, மூன்று வேளையும் மருந்து விடவேண்டும், மதியத்து வேளையை இன்றைக்கும் மறந்தாயிற்று. கைப்பையில் குப்பி இருக்கிறது. எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. போன மாதம் ஓர் இருட்டு அறையில் உட்காரவைத்து, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். வெளிச்சப் புள்ளி எங்கே தெரிந்தாலும் அமுக்க வேண்டும், அதுதான் பரிசோதனை. கொஞ்ச நேரம் புள்ளி எதுவும் வரவில்லை. வராமல் இருக்குமா, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று பயம் பிடித்துக்கொண்டது. புள்ளி தெரியாமலே ஒரு தடவை அமுக்கினாள். அப்புறம் இன்னொரு தடவை. டெக்னீஷியன் பெண் விளக்கைப் போட்டாள். காகிதத்தில் பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்கம்மா, நல்லாத்தான் வந்திருக்கு" என்றாள். அந்த நல்லாத்தானில் தான் பொய்யாய் அமுக்கியது எத்தனை என்று செண்பகவல்லிக்கு அன்று முதல் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. திரும்பப் போய்ச் சொல்லலாம். சொன்னால் மறுபடி கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்வார்கள். தெரியாமல் போன இடம் எங்கே என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். வேண்டாம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுபத்திரண்டாவது ஃபைலைத் திறந்தாள். கிளிப்பிலிருந்து வரும் அளவுகளைக் கட்டாகக் கட்டித் திரைக்கு அனுப்புகிற ஃபைல். அடைப்புக்குறிக்குள் ஒன்று. எடுத்தாள். காலி. இனி, இடம் கேட்கிற வரி எங்கே என்று கீழே போனாள். இருநூற்றுப் பதினாலாவது வரி. கழித்தலைத் தேடினாள். கழித்தல் இல்லை. இன்னொரு தடவை பார்த்தாள். வரியின் மேல் விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினாள். ஸ்ட்ரக்சரின், அதாவது ஓர் இலை விரித்த கட்டின், அளவு, கூட்டல், எண்ணிக்கை பெருக்கல் ஓர் அளவின் நீளம். அவ்வளவுதான். விரித்துவைத்த இலையைக் கணக்கில் சேர்க்காமல், வருகிறவர்கள் எல்லோருக்கும் புதிதாக இலை கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு கட்டிலும் ஓர் இடம் கூடுதல். யாரும் வந்து உட்காராத ஓர் இடம், எப்போதும், கடைசியில்.

சரி, யாரோ கவனக்குறைவாக எழுதியிருக்கிறார்கள். இப்போது ஒன்றை எடுத்தாயிற்று, கணக்கு தன்னாலேயே நேராகிவிட்டது, இந்த வரியைத் தொடவே வேண்டாம், நல்லதாய்ப் போயிற்று என்று அடுத்ததற்குப் போயிருப்பாள். போகத்தான் கை நகர்ந்தது. ஆனால் அந்தக் கடைசி இடம் என்ற நினைப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டது, புடவைத் தலைப்பு ஆணியில் மாட்டிக்கொள்கிற மாதிரி. இழுத்தால் கிழியும், நின்றால் நிற்கவேண்டும். யாரும் உட்காராத இடத்தில் என்ன இருக்கும்? ஒன்றும் எழுதாத நினைவகத்தில் முன்னால் இருந்தது இருக்கும். முந்தின கட்டின் மிச்சம். பழைய அளவு. தொண்ணூற்று ஏழு. அந்த எண் எங்கிருந்தோ வந்து திரைக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. அந்த வரியை எழுதியது யார் என்று பார்க்க ஒரு கட்டளை போதும். பழைய வரலாறு முழுவதும், யார், என்றைக்கு, எந்த மணிக்கு என்று, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வந்து நிற்கும். கட்டளையை அடித்தாள். அடித்தபிறகு கண்ணை மூடிக்கொண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. திறந்தபோது அவள் பெயர் இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, நல்ல தெளிவான தலையோடு அவள் எழுதிய வரி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஒரு லாரி டிரைவருக்கு விரலிலிருந்து கிளிப் நழுவி விழுந்தது. நர்ஸ் எடுத்து மறுபடி மாட்டினாள். திரையில் தொண்ணூற்று ஏழு. ஐந்து நிமிஷம் கழித்தும் தொண்ணூற்று ஏழு. பதினோராவது நிமிஷம், பக்கத்தில் நின்ற அந்த ஆளின் தம்பி, அண்ணன் உதடு நீலமாயிருக்கிறதே என்று கத்தினான். காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் அவருக்குப் பேச்சு குழறிப்போயிற்று என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தது. கம்பெனி முழுக்க இரண்டு நாள் தூங்கவில்லை. கிளிப்பைக் கழற்றி மாட்டும்போது என்ன நடக்கிறது என்கிற பகுதியை அதற்கு முந்தின மாதம்தான் இன்னாசிமுத்து மாற்றி எழுதியிருந்தார். மணப்பாட்டுக்காரர். கோவில்பட்டியிலிருந்து வந்த செண்பகவல்லிக்கு அந்த ஆபீசில் ஊர்ப்பக்கத்துப் பேச்சு கேட்கக் கிடைத்த ஒரே ஆள். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். கிளிப்பைத் திரும்ப மாட்டினால், வந்திருக்கிற கட்டின் மொத்த நீளத்தை ஓர் அளவின் நீளத்தால் வகுத்து, எத்தனை அளவு என்று தெரிந்துகொண்டு, கடைசியில் இருப்பதைத் திரையில் காட்டும்படி அவர் எழுதியிருந்தார். அவர் மாற்றத்தை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டார்கள். கோளாறு நின்றுவிட்டது. நின்றுவிட்டதே, இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும். கூட்ட அறையில் ஏழெட்டுப் பேர். இன்னாசிமுத்து எழுந்து நின்று, "டாக்குமெண்டுல சொன்னபடிதான் எழுதியிருக்கேன். நீளத்த வகுத்தா எண்ணிக்கை வரணும். வரலன்னா நீளம் தப்பு" என்றார். நீளம் தப்பு. அப்படித்தான் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்த்தாரா? பார்த்தார் என்று நினைத்தால் பார்த்த மாதிரி இருக்கிறது. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார் என்று நினைத்தால் ஜன்னலும் அதன் தூசியும்கூட ஞாபகத்துக்கு வருகிறது. குருநாதன் அவள் பக்கம் திரும்பி, "செண்பகம், உங்க பக்கம் சரியா இருக்கா?" என்று கேட்டார். மணி ஐந்து இருபத்தைந்து. ஐந்து நாற்பது மின்சார ரயிலை விட்டால் பிள்ளைகள் காப்பகத்தை மூடிவிடுவார்கள், மகள் வாட்ச்மேனோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள், அதற்கு முந்தின நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். "சரியாத்தான் சார் இருக்கு" என்றாள். ஃபைலைத் திறக்கவில்லை. திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்கிறேன் என்றிருக்கலாம். மூன்று சொல், அதற்குள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டியாயிற்று. ரயில் கிடைத்தது. உட்கார இடமும் கிடைத்தது. வெளியே போங்கள் என்று இன்னாசிமுத்துவிடம் யாரும் சொல்லவில்லை. ராஜினாமா கடிதத்தை இன்ன மாதிரி எழுதினால் நல்லது என்று சொன்னார்கள். எழுதினார். போகிற அன்று அவள் மேஜைக்கு வந்து, "வாரேன் தங்கச்சி" என்றார். அவள் என்ன சொன்னாள்? போன் பண்ணுங்க அண்ணாச்சி என்றோ என்னவோ. தூத்துக்குடியில் விசைப்படகுகளுக்கு மீன் காட்டுகிற கருவி ரிப்பேர் பார்க்கிறார் என்று யாரோ சொல்லக் கேட்டதோடு சரி. பொய் சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தாள். தெரியாமல்தானே சொன்னோம். தெரியாமல் சொன்னது பொய் ஆகுமா? தெரியாததைத் தெரியும் என்று சொன்னது? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு வழுக்கி மறுபடி ரயிலுக்குப் போயிற்று, ஜன்னலோரச் சீட்டுக்கு, அன்று ராத்திரி வீட்டில் மடியில் உறங்கிப்போன மகளின் தலை பாரத்துக்கு.

ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். அந்த எண்ணம் வந்ததும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்து எழுந்தாள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பரிசோதனை அறைக்குப் போனாள். சுவரோரம் ஏழு மானிட்டர்கள், அணைந்து கிடந்தன. அந்தக் காலத்து மாடலில் ஒன்று கோணியால் மூடியிருந்தது; தூசி தட்டி, பிளக்கைச் செருகினாள். ஒன்பது வருஷத்துப் பழைய கோடை வரலாற்றிலிருந்து எடுத்தாள், இன்னாசிமுத்துவின் மாற்றத்தோடு, தன் வரியோடு, அன்றைக்கு இருந்தபடியே. ஏற்றுவதற்குப் பன்னிரண்டு நிமிஷம் பிடித்தது. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஏற்றம் எழுபது சதவீதத்தில் நின்றுபோகாதா, பழைய மெஷின்தானே, பலகை கெட்டுப்போயிருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. கிளிப்பைத் தன் ஆள்காட்டி விரலில் மாட்டினாள். தொண்ணூற்று எட்டு. மெதுவாகப் பீப் பீப் என்று அவள் நெஞ்சைச் சொல்லிக்கொண்டிருந்தது. கழற்றினாள். திரையில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள். மேஜைமேல் கிடந்த ஒரு பென்சிலை எடுத்து அதில் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்று எட்டு. பென்சிலுக்குத் தொண்ணூற்று எட்டு. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். பென்சில் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு மேஜைமேல் கிடந்தது. பதினொரு நிமிஷம் வரைக்கும் பார்க்கவேண்டும் என்று ஏனோ தோன்றியது. பார்த்தாள். ஏழாவது நிமிஷத்துக்கு மேல், கட்டிலும் நீல உதடும் கத்துகிற தம்பியும் இல்லாமல் இந்த எண்ணைப் பார்க்க முடியவில்லை, ஆனாலும் எழுந்துகொள்ளவில்லை. அப்புறம் இன்னாசிமுத்து எழுதியதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல், அடைப்புக்குறிக்குள் இருந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினாள். விரலுக்குத் தொண்ணூற்று எட்டு. பென்சிலுக்குக் கோடுகள், வீல் என்று அலாரம். அலாரத்தை நிறுத்தவும் மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். நல்ல கோடு. சுத்தமாக, அளவாக, ஒரு தேவையில்லாத வரி இல்லாமல் எழுதியிருந்தார் மனுஷன்.

அலாரச் சத்தம் கேட்டுத்தானோ என்னவோ குருநாதன் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, இந்த வருஷம்தான். "எத்தனை முடிஞ்சுது?" "அறுபத்தொண்ணு சார்." "இன்னைக்குள்ள எழுபது தொட்டுடலாமா? அடுத்த மாசம் ஆடிட்டுக்கு வர்றாங்க." செண்பகவல்லி பென்சிலைப் பார்த்துக்கொண்டு, "சார், இன்னாசிமுத்து விஷயம்" என்றாள். "எந்த இன்னாசிமுத்து?" என்றார் அவர். நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கோபம் வரும் என்று அவள் நினைத்தாள், வரவில்லை. மறந்துபோக முடிந்திருக்கிறதே என்று ஒரு பொறாமைதான் வந்தது. "தொண்ணூத்தேழு சார்" என்றாள். அவர் முகம் மாறியது. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அவள் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டார். அவரும் ஒரு காலத்தில் இதே கோடு எழுதியவர்தான், பாதியிலேயே புரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவரு மாத்தினத எடுத்ததும் நின்னுதே" என்றார், அவளிடம் இல்லை, தனக்கே. "எண்ணிக்கைய நீளத்துலேர்ந்து எடுக்கற ஒரே ஆளு அவருதான் சார். அத எடுத்துட்டோம்னா நீளம் தப்பா இருந்தா யாருக்குத் தெரியும்?" குருநாதன் திரையில் இருந்த வரியை ஒரு தடவை படித்தார். அப்புறம் மிருதுவாகவே சொன்னார்: "இப்ப நீங்க அந்த ஒண்ண எடுத்ததும் சரியாயிடுச்சில்ல. மத்ததுக்கு எழுதின மாதிரியே இதுக்கும் எழுதிடுங்கம்மா. மூடின கோப்ப இப்பத் தொறந்தா யாருக்கு என்ன லாபம் சொல்லுங்க. மொதல்ல உங்களைத்தான் கேப்பாங்க." அவர் மிரட்டவில்லை. அவளுக்காகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டமாயிருந்தது. கதவருகில் நின்று, "கண்ணு எப்படி இருக்கு?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

மற்றதுக்கு எழுதின மாதிரி என்றால் இரண்டே வரி. ஒவ்வொரு மாற்றத்தையும் சமர்ப்பிக்கும்போது, என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுதவேண்டும். அது அந்தக் கோடோடு என்றைக்கும் இருக்கும். ஒற்றை அரே நீளும் அரேயாக மாற்றப்பட்டது. செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இதே இரண்டு வரியை அறுபத்தொரு தடவை ஒட்டியிருக்கிறாள். அறுபத்திரண்டாவது தடவையும் ஒட்டினாள். கர்சர் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் நின்று மின்னிக்கொண்டிருந்தது. செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. ஒரு மனுஷன் தொழிலை விட்டு ஊருக்குப் போனார், செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. அமுக்கினால் முடிந்தது. ரிவ்யூ பண்ணுகிற பிள்ளைகள் அறுபத்தொன்றைப் பார்த்துச் சலித்துப்போய் இதையும் பார்க்காமலே சரி என்பார்கள். அந்தக் கூடுதல் இடம், அது இருந்தது என்பதே தெரியாமல், இல்லாமல் போய்விடும். எவ்வளவு சுத்தமாக! குற்றத்தை அழிக்கிற வேலையைக் கம்பெனியே சம்பளம் கொடுத்து அவள் கையில் கொடுத்திருக்கிறது. களைப்பாக இருந்தது. தோள்பட்டை, கழுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு குத்தல். வயசு நாற்பத்தேழு. மகளுக்குக் கல்லூரி இன்னும் மூன்று வருஷம். ஆடிட்டர்கள் கேட்பார்கள், அன்று நீங்கள் பார்த்தீர்களா என்று. பார்த்தேன் என்றால் தப்பைத் தெரிந்தே மறைத்தவள், பார்க்கவில்லை என்றால் பார்க்காமல் ஓர் ஆளை அனுப்பியவள். இரண்டில் எது தேவலை? அப்போதுதான் அந்த யோசனை வந்தது, மெதுவாக, நல்ல பிள்ளை மாதிரி வந்தது: அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாம். தெரியவேண்டியது அவருக்குத்தானே. அவர் மன்னித்தால் அப்புறம் இந்தக் குறிப்பில் என்ன எழுதினால் என்ன. போனில் இன்னாசி அண்ணாச்சி என்று அந்தப் பெயர் இன்னும் இருந்தது. யோசித்தால் பண்ணமாட்டோம் என்று தெரிந்ததால் யோசிக்காமல் அமுக்கினாள். ஐந்தாவது தடவை மணி அடித்தபோது எடுத்தார்.

"யாரு, செண்பகமா? என்ன தங்கச்சி, அதிசயமா இருக்கு!" குரல் அப்படியே இருந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்றார், படகெல்லாம் கரையில் கிடக்கிறது, இப்போதுதான் ரிப்பேர் குவியும், சாப்பிடவே நாலு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வந்தேன் என்றார். அவள் காத்திருந்து, அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும், "அண்ணாச்சி, நீங்க சொன்னதுதான் சரி. நீளம்தான் தப்பு. ஒரு எடம் கூட. அந்த வரி நான் எழுதுனது" என்றாள். அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. எதைச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவே இல்லை. "எந்த ஃபைலு?" என்றார். சொன்னாள். "எந்த வரி?" "இருநூத்திப் பதினாலு." "வாசி." வாசித்தாள். அவர் கூடவே முணுமுணுப்பது கேட்டது. "கழிக்கல" என்றார். "கழிக்கல அண்ணாச்சி." பிறகு, சண்டையாக இல்லாமல், ஏதோ பழைய கணக்கு ஒன்று விடுபட்டுப் போனதைச் சொல்கிற மாதிரி சொன்னார்: "அந்த ஒரு ஃபைலத்தான் நான் தொறக்கல பாத்துக்க. நீ சரியா இருக்குன்னு சொல்லிட்ட. நீ சொன்னா சரியாத்தான இருக்கும். மத்த எல்லாத்தையும் ஊருக்கு வந்தப்புறமும் ஞாபகத்துலேயே வச்சு ஒவ்வொண்ணா தேடிட்டுக் கெடந்தேன்." பாத்திரத்தைத் தள்ளிவைக்கிற சத்தம் கேட்டது. "இரு, இத நீ அவகிட்ட சொல்லு" என்றார். "ஒம்பது வருசமா நானும் சொல்லித்தான் பாக்கேன்."

போன் அவர் மனைவியின் கைக்கு மாறியது. அமலோற்பவம். செண்பகவல்லி அவளை இரண்டு முறை பார்த்திருக்கிறாள், ஒரு முறை இவள் மகளின் பிறந்தநாளுக்கு வந்து கருப்பட்டி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனாள்.

"மதினி, நான் செண்பகவல்லி. ஆபீஸ்ல..."

"தெரியுது. சொல்லுங்க."

ஸ்ட்ரக்சரும் அரேயும் அடைப்புக்குறியும் எல்லாம் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டன. அந்தப் பெண்ணிடம் சொல்ல அவற்றில் ஒன்றுமே உதவாது. "அந்த மெஷின்ல நடந்த தப்பு அண்ணாச்சி செஞ்சது இல்ல மதினி. நான் செஞ்சது."

"ஒரு ஆளுக்கு வாய் கொளறிப்போச்சுன்னாங்களே. அதுவுமா?"

"அதுவும்தான்."

"அந்த ஆளுக்காக ஒவ்வொரு மொதல் வெள்ளிக்கும் கோயில்ல மெழுகுதிரி கொளுத்துறேன். இவரு செஞ்ச பாவம்னுட்டு. இவரு வாசல்லயே நிப்பாரு, உள்ள வரமாட்டாரு. நான் செய்யலட்டீ, எனக்கெதுக்குன்னு சொல்லுவாரு. நான் நம்புனதே இல்ல." அமலோற்பவம் அழவில்லை. குரல் இன்னும் இறுகியது. "இப்ப இது போன்ல சொல்றதோட சரியா? இல்ல, எழுதி வைப்பீங்களா?"

செண்பகவல்லிக்கு முகம் சுட்டது. இத்தனை தூரத்திலிருந்து எப்படிச் சரியாக அந்த இடத்தில் கை வைத்தாள். போனில் சொல்லிவிட்டால் போதும் என்றுதானே எடுத்தோம். "எழுதுறேன் மதினி."

"எப்ப?"

"இப்பவே."

"எழுதுங்க. நான் வைக்கல."

போனை மேஜைமேல் வைத்தாள். ஒட்டியிருந்த இரண்டு வரிகளையும் அழித்தாள். ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும், ஆனால் வாக்கியங்கள் தமிழில் வந்தன, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி எழுதினாள். ஒரு தடவை எழுத்துப் பிழை வந்து, திருத்தி, மறுபடி பிழை வந்தது. "ஒங்க பேரு, அவரு பேரு ரெண்டும் போட்டீங்களா?" என்று போனிலிருந்து சின்னதாய்க் குரல் கேட்டது. அவர் பெயருக்குப் பதில் வேறொரு பொறியாளர் என்று எழுதியிருந்தாள். அதை அழித்துவிட்டு முழுப்பெயரையும் அடித்தாள். சமர்ப்பித்தாள். இனி அதைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது, எடுத்தாலும் எடுத்ததும் சேர்ந்து வரலாற்றில் இருக்கும். அடுத்த வாரம் பழைய கோப்பைத் திறப்பார்கள், குருநாதன் மூன்று நாள் அவளோடு பேசமாட்டார், அவள் ஒரு விளக்கக் கடிதமும் எழுதவேண்டி வரும், டிரைவர் கோடிலிருந்து அவளை எடுத்துவிட்டு ஆவணங்கள் எழுதுகிற பிரிவில் போடுவார்கள். தூத்துக்குடிக்குக் கம்பெனியிலிருந்து கையெழுத்தோடு ஒரு கடிதம் போகும், நாலே வரியில், வருத்தம் என்ற சொல் இல்லாமல். அதெல்லாம் அப்புறம். அப்போதைக்கு அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"போட்டாச்சு மதினி."

"வாசிங்க. எனக்கு வெளங்குற மாதிரி."

"கிளிப்பைத் திரும்ப மாட்டும்போது பழைய அளவு திரையில் நின்ற கோளாறுக்குக் காரணம் இந்த வரி. இதை எழுதியவள் செண்பகவல்லி. கேட்டபோது இதைத் திறந்து பார்க்காமலே சரி என்று சொன்னவளும் நான்தான். இன்னாசிமுத்து எழுதிய மாற்றத்தில் தவறு இல்லை. அதை இன்று மறுபடி ஓட்டிப் பார்த்தேன், சரியாக வேலை செய்கிறது. அன்று அவர்மேல் வைத்த முடிவு தவறு."

அமலோற்பவம் போனை விட்டு விலகி, யாரையோ பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். "ஏங்க. எங்க போய் நிக்கிறீங்க? உள்ள வாங்க. இப்படி வந்து கேளுங்க."

செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம். ஒரு நாற்காலி நகர்ந்தது.

"வந்துட்டாரு" என்றாள் அமலோற்பவம். "இன்னொருக்க வாசிங்க. மெதுவா வாசிங்க."

செண்பகவல்லி முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.